மந்தை காக்கும் நாயை வளர்த்துப் பழக்கும் முறை

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாம். கால்நடையையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த மக்களின் மொழியில் இங்ஙனம் அமைந்தது வியப்பன்று. அச்செல்வத்தை மேய்ப்பதினும் காப்பதே அரிய செயல். பகற்காலத்தில் இடையனுடைய கண்ணும் கோலும் மந்தைக்குக் காவலாகும். பகலெல்லாம் நடந்து களைத்த அவன் இரவிற் கண்ணயர்ந்தபின் காவலாவது யாது? காதை மட்டும் விழிப்பாக வைத்துக்கொண்டு ஆடுகளின் நடுவே படுத்திருக்கும் நாயே யன்றோ?

அந்நாயைக் குட்டிப் பருவந்தொட்டு எவ்வாறு வளர்த்துப் பழக்குதல் வேண்டும் என்பதனை, மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிடைகளில் யாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றோடு, பிறநாட்டு அறிஞர் ஆராய்ந்து கூறியவற்றையும் ஒப்புநோக்கி ஈண்டு எழுதப் புகுகின்றோம். நாய் வளர்ப்பு இலக்கிய மாணவர்க்கு ஏற்ற பொருளோ என வினவுவாரும் இருக்கலாம். தொல்காப்பியர் தம் மரபியலில் நாயின் இளமைப்பெயரைக் கூற மறந்திலர் என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமையும் குருளை எனப் பெயர் பெறும் என்பது அவர் கருத்து. ஆட்டின் இளமைக்கு மறி என்பது பெயர். அக்குருளையும் மறியும் ஒருங்கு வளரும் வகையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிடையும் அதன் பகையும்

மேலநீலிதநல்லூர் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திருநெல்வேலியினின்று பிரிந்து அமைந்த தென்காசி மாவட்டத்தில் அடங்கியது. செம்மண்ணும் கரிசலும் விரவிய இப்பகுதியில் வானம் பார்த்த நிலமே மிகுதி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிச் சோளமும் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பர். பயிர் நிற்குங்கால் ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கும். அறுவடை முடிந்தபின் தாள் நின்ற காடெல்லாம் அவற்றுக்கு உரியதாகும். கோடையில் மந்தைகள் மேற்கு நோக்கிக் குளத்துப் பாசன வயல்களுக்குச் செல்லும். அங்கு வயலுக்குரியவர் வேண்டுகோளின்படி இரவில் ஆடுகளை மறித்து வைப்பர். ஆட்டுப் புழுக்கையும் நீரும் நிலத்துக்கு உரமாகும். கிடைக்காரருக்குக் கூலி கிடைக்கும். இதுவே கிடை போடுதல்.

கிடை என்பது மதில் சூழ்ந்த தொழுவன்று. வலையாலோ முள்ளாலோ அடைத்த பட்டி சிலவிடத்து உண்டு. வெட்டவெளியில் ஆடுகள் கூடிக் கிடப்பதும் உண்டு. இளமறிகளை மாத்திரம் கூட்டில் அடைப்பர். இத்தகைய இடத்துக்கு இரவில் வரும் பகை பலவகைப்படும். குள்ளநரி மறியைக் கவ்விச் செல்லும். மலையடிவாரத்து ஊர்களிற் சிறுத்தையின் அச்சமும் உண்டு. ஓநாய் தமிழ்நாட்டில் மிக அரிதாயிற்று. ஆட்டைத் தூக்கி வண்டியிலேற்றிப் போகும் கள்வர் எக்காலத்தும் உளர். இவை யாவற்றினும் இந்நாளில் மிகுந்து வருவது, உடையவரற்றுத் திரியும் தெருநாய்க் கூட்டத்தின் தீங்காகும். நரி பசிக்கு ஒன்றை எடுத்து ஓடும். கூட்டமாய்ப் புகுந்த நாய்களோ, அஞ்சி ஓடும் ஆடுகளைக் கண்டவுடன் வெறிகொண்டு, உண்ணும் அளவைக் கடந்து பலவற்றைக் கடித்தெறியும். ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருவாய் ஓரிரவில் அழிந்துபோதல் கூடும்.

இதற்கு மாற்றாகச் செத்த ஆட்டில் நஞ்சு வைப்பாரும் உண்டு. அந்நஞ்சு நரியோடு நில்லாது. பிணந்தின்னும் பருந்தையும் கழுகையும், உடையவனுடைய நாயையும் சேர்த்தே கொல்லும். குள்ளநரியும் சிறுத்தையும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைக் கொல்லுதல் குற்றமாம். ஆகவே கொல்லாது விலக்கும் வழியொன்று வேண்டும். நன்கு பழகிய நாயே அவ்வழி.

முன்னோர் கண்ட காவல்

முல்லைத்திணைப் பாடல்களில், மழை பொழியும் இரவில் இடையன் கோலை ஊன்றி ஒடுங்கி நின்று, வாயை மடித்து எழுப்பும் வீளையொலியால் மந்தையைக் காக்கும் காட்சியைப் புலவர் காட்டியுள்ளனர். நாலடியார், பாகனையே கொல்லும் யானை போன்றாரின் நட்பை நீக்கி, உடையவன் எறிந்த வேல் உடம்பில் நிற்கவும் வாலைக் குழைக்கும் நாய் போன்றாரின் நட்பையே கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. திருமறையில் யோபு பக்தன் தன் புத்தகத்தின் 30ஆம் அதிகாரத் தொடக்கத்தில் மந்தை காக்கும் நாய்களைக் குறிப்பிடுகின்றான். 7,000 ஆடுகளை உடையவனாயிருந்த அவனுக்கு அவை எத்துணை இன்றியமையாதனவாய் இருந்திருத்தல் வேண்டும் என்பது உய்த்துணரத் தக்கது. ஏசாயா தீர்க்கதரிசியோ, கடமை மறந்த காவற்காரரைக் குரைக்கமாட்டாத ஊமை நாய்களுக்கு ஒப்பிட்டார். காவலின் இயல்பை அறிந்த மக்களிடையேதான் இவ்வுவமை பிறக்கும்.

இவற்றினும் சிறந்த சான்று நம் தமிழ்நாட்டுக் கல்லிலேயே உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து, அஃதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த, நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை கவர வந்தாரோடு பொருது இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவ்வீரனுடைய உருவத்தின் அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்துகள் கூறும். மன்னர் பலருடைய பெயர்கள் மறைந்தொழிந்த இந்நிலத்தில், மந்தை காத்த நாயொன்றின் பெயர் 1,300 ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது.

மேய்க்கும் நாயும் காக்கும் நாயும்

இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதுதல் பிழை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லை நிலத்துக் கோலி நாய், இடையனுடைய சீழ்க்கைக்கு ஏற்ப ஆடுகளை மடக்கி ஓட்டும். அது தாழ்ந்து பதுங்கி, கண்ணை இமையாது நோக்கி, ஆட்டைத் தொடர்கின்றது. வேட்டை விலங்கின் செயலே அது. கடித்தல் என்னும் கடைசிப் படியை மட்டும் மனிதன் தடுத்து வைத்துள்ளான். காவல் நாயினிடத்து ஆட்டை நோக்கிய இவ்வேட்டைக் குணம் எழுதலாகாது. அது ஆட்டைத் துரத்தாது. அதனோடு நடக்கும், அதனருகே படுக்கும், அயலது ஏதேனும் வரின் இடையிற் சென்று நின்று குரைக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாம்ப்ஷயர்க் கல்லூரியில் ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் என்னும் இணையர், 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் காவல் நாய்க்குட்டிகளைக் கொணர்ந்து, ஆடு வளர்ப்போரிடம் அளித்து நெடுங்காலம் ஆராய்ந்தனர். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் வகுத்த குணங்கள் மூன்று: ஆட்டுக்குத் தீங்கு செய்யாத நம்பகம், மந்தையை விட்டகலாத கவனம், பகையை விலக்கும் காவல். முன்னிரண்டும் அமைந்த நாய்க்கு மூன்றாவது பெரும்பாலும் தானே வந்து சேரும். முன்னிரண்டும் இல்லாத வீரம் மந்தைக்கே கேடாகும்.

சாதியா, வளர்ப்பா?

நம் பகுதிக்கு அண்மையில் இராசபாளையம், சிப்பிப்பாறை என்னும் ஊர்ப்பெயர்களையே தம் பெயராகக் கொண்ட புகழ்பெற்ற நாயினங்கள் உண்டு. கன்னி, கோம்பை என்பனவும் தமிழ்நாட்டிற்கு உரியன. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகள் நான்கனுள் ஒன்று இராசபாளைய நாயினுடையது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இராசபாளையம், சிப்பிப்பாறை இரண்டனையும் தனியினங்களாகப் பதிவு செய்துள்ளது. எனினும் இவற்றுட் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தும் விரைவுக்கும், இராசபாளையமும் கோம்பையும் வேட்டைக்கும் வீட்டுக்காவலுக்கும் பெயர் பெற்றவை. கிடையிற் காவல் புரிவது பெரும்பாலும் தனிப்பெயர் ஏதுமில்லாத நாட்டு நாயே. இமயமலைச் சாரலிலோ, கத்தியர் என்னும் ஆட்டிடையருக்குத் துணையாய், சிறுத்தையின் பிடிக்கு எதிராகக் கழுத்தில் இரும்பு முட்பட்டை அணிந்து மந்தையோடு செல்லும் தனியினம் ஒன்று உண்டு.

பெயரில்லாத நாட்டு நாய் இப்பெரும்பணியை எங்ஙனம் செய்கின்றது? சார்லஸ் டார்வின் 1833ஆம் ஆண்டில், இன்று உருகுவே என வழங்கும் நாட்டிற் கண்ட காட்சி இதற்கு விடையாகும். அங்கு நாய்க்குட்டியை மிக இளமையிலேயே தாயினின்று பிரித்து, பெண்ணாடு ஒன்றைப் பிடித்து நிறுத்தி நாளுக்கு மூன்று நான்கு முறை அதன் பாலை ஊட்டுவர். பட்டிக்குள் ஆட்டு மயிராற் படுக்கை அமைப்பர். பிற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் சேரவிடார். வளர்ந்த நாய் உணவுக்காக வீட்டிற்குத் தனியே வரும்போது வீட்டு நாய்கள் அதனைத் துரத்தும். அதுவும் அஞ்சி ஓடும். ஓடி மந்தையை அடைந்தவுடனே திரும்பி நின்று குரைக்கும். துரத்தி வந்தவை புறங்காட்டும். தன் கூட்டம் இதுவே என்னும் உணர்வு அதற்கு இத்துணை வலிமை தந்தது. அமெரிக்காவின் நவாகோ என்னும் பழங்குடியினர், கலப்பின நாய்களையே குட்டிமுதல் ஆட்டோடு வளர்த்து, நற்காவல் பெறுகின்றனர் என்பதனை 1985ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று விளக்கிற்று. ஆகவே இனம் உதவும்; வளர்ப்பே உருவாக்கும் எனக் கொள்ளலாம்.

மேலநீலிதநல்லூரை அடுத்த கிடையொன்றில் முதியவர் ஒருவரை, “தாத்தா, இந்த நாய்க்கு என்ன பழக்கினீங்க?” என வினவினோம். “நான் என்னத்தப் பழக்குனேன், தம்பி? கண்ணு முழிச்ச நாள்லருந்து ஆட்டோடதான் கெடக்கு. அது நெனப்புல அதுவும் ஒரு ஆடுதான்” என்று நகைத்தார். டார்வினும் காப்பிஞ்சரும் விரித்துரைத்ததனை அம்முதியவர் இரண்டு தொடரில் அடக்கிவிட்டார்.

குருளையைத் தேர்தல்

மந்தையிலேயே காவல் புரியும் தாய்க்கு, மந்தையிலேயே பிறந்த குட்டி தலையாயது. அது கண் திறக்கும் முன்பே ஆட்டின் மணத்தை அறிந்திருக்கும். அஃது அமையாவிடின், காவற்குணமுடைய தாய் தந்தையரின் குட்டியை ஏழு எட்டு வார அளவிற் கொள்ளலாம். ஆறு வாரம் நிறையுமுன் தாயினின்று பிரித்தல் நன்றன்று. உடன்பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் கடியின் அளவை அது கற்றுக்கொள்கின்றது.

நகக்கணக்கும் சுழியும் பார்த்துக் குட்டி எடுப்பார் உளர். இவற்றினும் குணம் பார்த்தலே பயன் தரும். எதனைக் கண்டாலும் பாய்ந்து ஓடிக் கவ்வும் குட்டி மந்தைக்கு ஆகாது. எதனைக் கண்டாலும் ஒடுங்கி நடுங்குவதும் ஆகாது. புதியதைக் கண்டு சற்று நின்று நோக்கி, பின் அமைதியாய் அணுகும் குட்டியே ஏற்றது. முழுவெண்ணிற நாய்களிற் பிறவிச் செவிடு நேர்வதுண்டு. ஆதலின் அத்தகைய குட்டியாயின், அது காணாவண்ணம் பின்னின்று கைதட்டிச் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். செவிடான காவற்காரனால் இரவிற் பயன் யாது?

மறிகளோடு வாழ்தல்

நாய்க்குட்டி பிறந்த இரண்டு வார அளவிற் கண் திறக்கும். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, தன் கூட்டத்தார் யாவர் என்பதனை அது மனத்திற் பதித்துக்கொள்ளும் பருவம் என்று, ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவரும் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிறுவினர். இப்பருவம் கழிந்தபின் பழக்குதல் காய்ந்த மண்ணிற் சுவடு பதிப்பதை ஒக்கும். எனவே குட்டி வந்த நாள்தொட்டு அதன் இருப்பிடம் பட்டியே யாதல் வேண்டும். வீட்டுத் திண்ணையில் வளர்த்துப் பின்னர்க் கிடைக்கு அனுப்பலாம் என எண்ணுதல் தவறு.

முதலில் பெருமந்தையினுள் விடலாகாது. பட்டியின் ஒரு மூலையைத் தடுத்து, பால்குடி மறந்த சாதுவான மறிகள் ஐந்தாறனோடு குட்டியை விடுதல் வேண்டும். அத்தடுப்புக்குள் குட்டி மட்டும் நுழையத்தக்க சிறு புகலிடம் ஒன்றும் அமைக்க; மறிகள் முட்டும்போது அது அஞ்சாது ஒதுங்க இடமாகும். குட்டியின் உணவை அப்புகலிடத்தினுள்ளேயே வைத்தல் நன்று. உணவில் ஆடு வாய்வைக்கக் கண்ட குட்டி உறுமப் பழகும். அப்பழக்கம் பின்னர்க் கடியாய் முடியும். சில நாள் கழித்து, நாயைக் கண்டு மிரளாத மூத்த பெண்ணாடு ஒன்றனைச் சேர்க்க. குட்டி குறும்பு செய்யின் அவ்வாடே முட்டி அறிவுறுத்தும். அவ்வறிவுறுத்தல் மனிதனுடைய பிரம்பினும் சிறந்தது. அண்மையில் ஈன்ற ஆட்டை மாத்திரம் சேர்க்கலாகாது. அது தன் மறியைக் காக்கும் வேகத்திற் குட்டியை ஊறுபடுத்தும்.

மறிகளும் குருளையும் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்து உறங்கும் நிலை சில வாரங்களிற் காணப்படும். குட்டி ஆட்டின் முகத்தை நக்குதலும், ஆடு எழுந்தால் தானும் எழுதலும், ஆட்டை நேரே உற்றுநோக்காது தலையைச் சாய்த்து அணுகுதலும் நற்குறிகளாம்.

மக்களோடு பழக்கம்

காவல் நாயை மனிதர் தொடவே கூடாது என்னும் கொள்கை முன்னர் இருந்தது. இந்நாளில் அறிந்தோர் அதனை உடன்படார். மனிதர் கைக்கு அகப்படாத நாய்க்கு ஊசி போடுதல், முள் எடுத்தல், புண்ணுக்கு மருந்திடுதல் யாவும் இயலாவாம். வழிப்போக்கரையும் அது கடிக்கும். ஆதலின் நாள்தோறும் சிறிது நேரம், பட்டியினுள்ளேயே, குட்டியைத் தொட்டுப் பழக்குக. வாயைத் திறந்து பார்த்தல், காலைத் தூக்கிப் பார்த்தல், காதைத் தடவுதல் ஆகியவற்றை அது பொறுத்துக்கொள்ளல் வேண்டும். பெயரிட்டு அழைத்தால் வருதல், ‘விடு’ என்றால் விடுதல், கயிற்றிற் கட்டினால் நிற்றல், கயிறு பிடித்தால் உடன் நடத்தல் என்னும் நான்கும் போதும். மந்தை நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கயிற்றில் வாராத நாய் ஊர்திக்கு இரையாகும்.

தொடுதல் வேறு, சீராட்டுதல் வேறு. சிறுவர் அதனை வீட்டுக்குத் தூக்கிச் சென்று விளையாடுவாராயின், அதன் மனம் ஆட்டை விட்டு வீட்டை நாடும். அன்பு காட்டவேண்டிய இடம் மந்தையின் நடுவே. மந்தையை விட்டு நம் பின்னே ஓடிவரின், அதனைக் கொஞ்சாது திரும்பக் கொண்டுபோய் விடுதலே முறை.

குறும்புப் பருவம்

நான்காம் திங்கள் முதல் பத்தாம் திங்கள் வரையும், சிலவற்றிற்கு ஓராண்டுக்கு மேலும், விளையாட்டு மிகும். ஆட்டைத் துரத்தும், காதைக் கடிக்கும், வாலைப் பற்றி இழுக்கும். பலர் இப்பருவத்தில் மனம் சலித்து, ‘இஃது ஆட்டைத் தின்னும் நாய்’ எனத் தள்ளிவிடுகின்றனர். நாய்க்கு இது பகைமையன்று; ஆயினும் ஓடும் ஆடு வெப்பத்தில் இளைத்து வீழ்ந்து இறத்தல் கூடும் என்பதனால் இதனைப் பொறுத்தலும் ஆகாது.

செய்யத்தக்கன இவை: துரத்தத் தொடங்கும் அக்கணத்திலேயே உரத்த குரலால் அதட்டுக, சிறிது பொழுது கழித்து அடித்தல் பயனற்றது, எதற்கு அடி விழுந்தது என அது அறியாது. கழுத்துப்பட்டையிற் சிறு கட்டையைத் தொங்கவிடுக; ஓடுங்கால் அது முன்காலில் தட்டி வேகத்தைத் தடுக்கும். இளமறிகளினின்று பிரித்து, முட்டத் தெரிந்த பெரிய ஆடுகளோடு விடுக. கண்காணிப்பார் இல்லாத பொழுது தடுப்புக்குள் அடைத்து வைக்க. மூத்த காவல் நாய் ஒன்று உடனிருப்பின், பாதிப் பயிற்சி அதனாலேயே முடியும். முதன்முறை ஆடு ஈனும் காலத்தில் உடனிருந்து பார்த்தல் இன்றியமையாதது. ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியை நாய் தின்ன வரும்; மறியைத் தாய் நக்கித் தனதாக்கிக்கொள்ளுமுன் அதனை நெருங்கவிடலாகாது.

ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை நிறைந்தபின்னரே நாய் முதிர்ந்த காவலாளியாகும். அதற்குமுன் தனியே விட்டு, பகையோடு பொரும் என எதிர்பார்ப்பது, பள்ளிச் சிறுவனைப் போர்க்களத்துக்கு அனுப்புவதை ஒக்கும்.

உணவும் நோய்த்தடையும்

வெறும் கூழும் கஞ்சியும் வளர்ந்த நாயின் வயிற்றை நிரப்பலாம். வளரும் குட்டியின் எலும்பையும் தசையையும் வளர்க்கமாட்டா. ஆகவே கம்பு, கேழ்வரகு, சோளம் இவற்றின் கூழோடு முட்டை, வேகவைத்த இறைச்சி, மீன் முதலியன இயன்றவளவு சேர்க்க. மூன்று திங்கள் வரை நாளுக்கு நான்கு முறையும், ஆறு திங்கள் வரை மூன்று முறையும், பின் இரண்டு முறையும் ஊட்டுதல் தகும். பசித்த நாய் இரை தேடி ஊருக்குள் ஓடும், மந்தை காவலற்றதாகும். கரிசற்காட்டு வெயிலில் நீரும் நிழலும் உணவினும் முந்தியவை. உடைமரத்தடியில் ஆடு இளைப்பாறும்போது நாய்க்கும் ஒரு பாத்திரத்தில் நீர் வைத்தல் வேண்டும்.

செத்த ஆட்டின் பச்சைக் குடலையும் ஈரலையும் மூளையையும் நாய்க்கு எறிதல் கிடைகளிற் கண்ட வழக்கம். இஃது அறவே நீக்கத்தக்கது. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டைகள் மலத்தின் வழியே புல்லில் விழுந்து ஆட்டின் வயிற்றை அடைகின்றன; ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாய் வளர்கின்றன; அவ்வுறுப்பை நாய் தின்னும்போது மீண்டும் புழுவாகின்றன. அம்முட்டை மனிதன் வயிற்றிற் புகினும் அத்தகைய கட்டிகள் தோன்றும். ஆட்டின் மூளையில் கட்டியை உண்டாக்கி, அது தலைசுற்றி வட்டமிட்டு இறக்கச் செய்யும் நோயும் நாய்வழிப் பரவும் மற்றொரு நாடாப்புழுவால் வருவதே. காவலனே பகைவனாகாதிருக்க வேண்டின், இறந்த ஆட்டைப் புதைத்தலும், நாய்க்கு மூன்று திங்களுக்கு ஒருமுறை மருத்துவர் கூறும் அளவிற் புழுமருந்து கொடுத்தலும் கட்டாயமாகும். குட்டிக்கு இன்னும் அடுத்தடுத்துக் கொடுத்தல் வேண்டும். ஆட்டுக்கென வைத்துள்ள மருந்தை அளவறியாது நாய்க்கு ஊற்றலாகாது.

குட்டிகளைக் கூட்டங்கூட்டமாய்க் கொல்லும் கழிச்சல் நோய் முதலியவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் நிறையும் வரை அடுத்த ஊசிகளும் போடவேண்டும். மூன்றாம் திங்களில் வெறிநோய்த் தடுப்பூசி. அதன்பின் மருத்துவர் கூறும் முறைப்படி ஆண்டுதோறும். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885ஆம் ஆண்டு கடியுண்ட சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் இம்மருந்தளித்துக் காத்தார். நம் குன்னூரிலும் 1907ஆம் ஆண்டு அவர் பெயரால் நிலையம் ஏற்பட்டது. இத்தனை ஆண்டு கழிந்தும், ஊசி போடாத நாயால் உயிர் இழப்பது நாணத்தக்க செய்தியன்றோ? நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்புதல் கேடு. அரசு கால்நடை மருந்தகங்களையும், திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையும் கிடைக்காரர் அணுகி அறிவுரை பெறலாம்.

நாய் முழுவளர்ச்சி பெற்றபின் கருத்தடை செய்தல், துணைதேடித் திரிவதைத் தடுக்கும். வேண்டாத குட்டிகள் தெருவில் விடப்படுவதும் குறையும். மந்தையைத் தாக்கும் தெருநாய்க் கூட்டம், ஒருகாலத்தில் யாரோ கைவிட்ட குட்டிகளின் வழிவந்ததே என்பதனை மறத்தலாகாது.

காவலின் பயன்

நல்ல காவல் நாய் நாள்தோறும் போரிடும் எனக் கருதவேண்டா. அது தன் எல்லையைச் சுற்றி மணம் பதிக்கும். ஐயம் தோன்றியவுடன் எழுந்து குரைக்கும். ஆடுகளுக்கும் வருவதற்கும் இடையே நிற்கும். நரியும் நாயும் இதனளவில் திரும்பிவிடும். ஆடுகளும் அக்குரலறிந்து ஒன்றுகூடும். உறங்கிய இடையனும் விழிப்பான். பெருமந்தைக்கு ஒன்றினும் இரண்டு நாய் நன்று. ஒன்று முன்சென்று எதிர்க்க, மற்றொன்று மந்தையருகே நிற்கும்.

இம்முறை ஆட்டை மட்டும் காப்பதன்று. ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிற் சிவிங்கிப்புலியைக் காக்க ஏற்பட்ட நிலையம், 1994ஆம் ஆண்டு முதல் துருக்கி நாட்டுக் காவல் நாய்க்குட்டிகளை உழவர்க்கு அளித்து வருகின்றது. ஆடு பிழைத்தது, ஆகவே அவ்விலங்கைச் சுடுதலும் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் வாரணம்பூல் கடற்கரைச் சிறுதீவில் நரிகளால் அழியவிருந்த சிறுபெங்குவின்களுக்கு 2006ஆம் ஆண்டு முதல் இத்தாலிய மரெம்மா நாய்களைக் காவல் வைத்தனர், பறவையினம் மீண்டது. காக்கப்படுவது ஆடாயினும் பறவையாயினும், உடன் வளர்ந்ததனைத் தன்னது எனக் கொள்ளும் நாயின் இயல்பு ஒன்றே.

முடிவுரை

நம் நாட்டு நாய்களுக்கு இக்காலத்தில் நகரத்தாரிடையே மதிப்பு மிகுந்துள்ளது. அது மகிழத்தக்கதே. ஆயினும் மிகுவிலை கொடுத்து வாங்கி, மாடியிற் சங்கிலியாற் கட்டி, விருந்தினர்க்குக் காட்டும் பொருளாக மட்டும் அவற்றை வைப்பது முறையாகுமா? மறுபுறம், கிடைத்தொழிலை விட்டு இளைஞர் வேறு தொழில் நாடுகின்றனர். தொழில் மறையின் அதனோடு கூடிய அறிவும் மறையும். எவ்வளவு குட்டிகள் பிறந்தாலும் அவற்றைக் காவலாளியாக்கும் வகை அறிந்தார் இலராவர். அவ்வறிவு ஏட்டில் இல்லை. கிடையிற் கிடந்து முதிர்ந்தவர் நாவில் உள்ளது. ஊர் திரும்பும் விடுமுறை நாட்களில் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிடைக்காரரை அணுகி, நாய்க்கும் ஆட்டுக்கும் அவர் வழங்கும் சொற்களையும் வளர்ப்பு முறைகளையும் கேட்டு எழுதிவைப்பாராயின், அது மொழிக்கும் தொழிலுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.

யோவான் சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் நல்ல மேய்ப்பனையும் கூலியாளையும் வேறுபடுத்திக் காட்டுகின்றார். ஓநாய் வருதலைக் கண்டு கூலியாள் ஓடுவது, ஆடுகள் தன்னுடையன அல்ல என்பதனாலே. மந்தை நாய்க்குக் கூலி இல்லை, ஆடும் அதனுடையதன்று. எனினும் அது ஓடாமல் நிற்கின்றது. இளமையில் எவரோடு கிடந்து உறங்கிற்றோ அவரைத் தன்னவராகக் கொண்டது, அவ்வளவே. கற்கும் பருவத்தில் நாம் யாருடன் கூடி வாழ்கின்றோமோ, அவர் துயரே பின்னாளில் நம் துயராகும். ஆதலின் எளியார் நடுவே பழகுதற்கு ஏற்ற காலம் இவ்விளமையே எனத் தேர்ந்து, நாம் ஒவ்வொருவரும் அதற்கு உரியவராவோமாக.